மேற்கோள் என்னும் சாட்சி

பாலைநிலத்தில் நம் ஆண்டவரைச் சோதிக்க வந்தவன் மறைநூலை மறுத்துப் பேசவில்லை. மறைநூல் வாக்கை நாவில் ஏந்தியே வந்தான். எருசலேம் கோவிலின் உச்சியில் அவரை நிறுத்தி, வானதூதரின் காவலைப் பற்றிய திருப்பாடல் அடிகளை அவன் எடுத்துரைத்ததை மத்தேயுவும் லூக்காவும் எழுதிவைத்துள்ளனர். அவை 91ஆம் திருப்பாடலில் உள்ளவை. அவற்றில் ஒரு சொல்லும் அவன் புனைந்ததன்று. ஆயினும் நற்செய்தி நூலையும் திருப்பாடல் நூலையும் அருகருகே விரித்து வைத்துப் பார்ப்போர்க்கு இரு குறைகள் புலப்படும். மனிதன் தன் வழிகளில் நடந்துசெல்லும்போது இறைவனின் காவல் அவனோடு வரும் என்பது திருப்பாடலின் கருத்து. வழிகளைக் குறிக்கும் அச்சிறு தொடர் சோதிப்பவனின் வாயில் மறைந்துபோயிற்று. உச்சியிலிருந்து குதிப்பது வழிநடப்பது ஆகாதன்றோ? இன்னொன்று, அடுத்த அடி பாம்பை மிதித்துப் போவதைப் பற்றியது. அவ்வடி வருமுன்னரே அவன் நிறுத்திக்கொண்டான்!

நிறுத்துமிடத்தை அறிந்து நிறுத்துவதும் பொய்யே என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்குத் தேவையில்லை. ஆண்டவர் அளித்த மறுமொழியும் எண்ணத்தக்கது. அவன் காட்டிய மேற்கோளை அவர் தள்ளவில்லை. மேலும் இவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று இணைச்சட்ட நூலின் வாக்கொன்றை அதன் அருகில் வைத்தார். பாதியாய் நின்றது அப்போது முழுமை பெற்றது.

இக்காட்சியை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். எனினும் அதைக் கட்டுரை எழுதுவோர்க்குரிய பாடமாக நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது அண்மையில்தான். தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளையொட்டி நம் பங்கில் இளையோர்க்குக் கட்டுரைப் போட்டியொன்று நடைபெற்றது. தொழிலாளர் உரிமையும் கடமையும் என்பது தலைப்பு. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலைப் படித்து எழுதுமாறு கூறியிருந்தோம். வந்தவற்றுள் இரண்டு கட்டுரைகள் நடையழகால் முன்னின்றன. ஒன்று, முதலாளியின் உடைமைக்குத் தீங்கு செய்யலாகாது, ஒப்புக்கொண்ட வேலையை நேர்மையாய் முடித்துத் தரவேண்டும் என்று சுற்றுமடல் கூறுவதை எடுத்துக்காட்டி, போராட்டங்களே திருச்சபைக்கு உடன்பாடல்ல என்று முடித்தது. மற்றொன்று, தொழிலாளியை அடிமையைப்போல் நடத்தலாகாது, அவனுக்குரிய கூலியைக் குறைக்கலாகாது என்னும் பகுதியை எடுத்துக்காட்டி, முதலாளி என்னும் நிலையையே திருச்சபை கண்டிக்கிறது என்று முடித்தது.

இரண்டில் எதற்கு முதற்பரிசு என்பதில் நடுவர்களாகிய எமக்குள் நெடுநேரம் வாக்குவாதம் நிகழ்ந்தது. முடிவில் ஒருவர் சுற்றுமடலையே எடுத்து வந்து மேசைமேல் விரித்தார். நாம் கண்டதென்ன? இருவரும் எடுத்தாண்ட வரிகள் ஒரே பகுதியில், ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. தொழிலாளியின் கடமைகளைக் கூறிய அதே மூச்சில் முதலாளியின் கடமைகளையும் திருத்தந்தை கூறியிருந்தார். தனியுடைமையை ஒழிக்கலாகாது என்று வற்புறுத்தும் அம்மடலே, இரு தரப்பும் ஒப்பி உடன்படிக்கை செய்துகொண்ட இடத்திலும் அவ்வுடன்படிக்கையினும் மூத்ததாகிய இயற்கை நீதி ஒன்று உண்டென்றும், உழைப்பவன் வாழப் போதாத கூலி அநீதியென்றும் கூறுகிறது. தொழிலாளர் சங்கங்களையும் ஆதரிக்கிறது. இளைஞர் இருவரும் ஒரே அப்பத்தை இரண்டாய்ப் பிட்டு, தத்தம் பாதியையே முழு அப்பமென்று காட்டினர். அவர்களைக் கடிந்துகொள்ள நம் நா எழவில்லை. நூலைத் திறந்து பார்க்குமுன் அவ்விரு கட்டுரைகளையும் மனமாரப் பாராட்டியவர்கள் நாமல்லவா?

பிறரை இணங்கச் செய்ய எழுதும் கட்டுரைக்கு நேரும் பெருஞ்சோதனை இதுவே. வழக்காடுபவர் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல் எழுத்தாளரும் ஒரு நூலை முன்னிறுத்துகிறார். ஆனால் வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்பினர் எழுந்து குறுக்கு விசாரணை செய்வர். கட்டுரையிலோ அந்த நூல் வாய்திறந்து மறுக்க இயலாது. அதை இயற்றியவர் இறந்து நூறாண்டு கடந்திருக்கலாம். ஆதலின் அவர் சார்பில் நின்று குறுக்கு விசாரணை செய்யும் கடமை எழுதுபவரையே சாரும். பிறருக்கு எதிராய்ப் பொய்ச்சான்று சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். பிறரையே பொய்ச்சாட்சியாய் நிறுத்துவதும் அக்கட்டளையை மீறுவதே என்பதை மறந்துவிடுகிறோம்.

இலக்கிய வரலாற்றில் இதனைத் தெளிவாக விளக்கவல்ல வழக்கொன்று உண்டு. அது 1864ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. நியூமன், கிங்ஸ்லி என்னும் இரு பெரும் எழுத்தாளர்க்கிடையே எழுந்தது.

சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆங்கிலிக்கன் சபையின் குரு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். ஏழைத் தொழிலாளர்க்காகப் பரிந்து எழுதிய நாவலாசிரியர். அவ்வாண்டு சனவரித் திங்களில் 'மேக்மில்லன்' இதழில் ஃப்ரூட் என்பவரின் இங்கிலாந்து வரலாற்று நூலுக்கு அவர் ஒரு மதிப்புரை வரைந்தார். அதனிடையே, உண்மையை உண்மைக்காகவே பேணுதல் உரோமைக் குருக்களிடம் என்றும் ஒரு நற்பண்பாய் இருந்ததில்லை என்றும், அது தேவையில்லை என்பதைத் தந்தை நியூமனே நமக்குக் கூறுகிறார் என்றும் பொருள்படச் சில வரிகள் எழுதினார். எந்த நூலில், எந்தப் பக்கத்தில் நியூமன் அவ்வாறு கூறினார் என்பதை அவர் சுட்டவில்லை.

ஜான் ஹென்றி நியூமன் 1845இல் ஆங்கிலிக்கன் சபையை விட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர்; அப்போது பர்மிங்காமில் துறவற இல்லமொன்றில் வாழ்ந்துவந்தார். மதிப்புரையைக் கண்ணுற்ற அவர் பதிப்பகத்தார்க்கு மடல் எழுதினார். தாம் அவ்வாறு எங்கும் எழுதியதாகக் காட்டப்படவில்லை என்பதே அவரது முறையீடு. கிங்ஸ்லி விடையளித்தார்: நியூமனின் எழுத்துகளில் பல இடங்கள் அக்கருத்துக்கு ஆதாரமாகும்; குறிப்பாக, 1844இல் வெளியான தொகுப்பில் ஞானத்தையும் கபடின்மையையும் பற்றிய மறையுரையே ஆதாரம் என்றார்.

இந்த விடையை நாம் சற்று ஆய்ந்து பார்ப்போம். முதலாவது, அம்மறையுரை நிகழ்த்தப்பட்டபோது நியூமன் கத்தோலிக்கரே அல்லர். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலிக்கன் ஆலயமொன்றின் பொறுப்பாளர். உரோமைக் குரு ஒருவரின் ஒப்புதல் வாக்குமூலமாகக் காட்டப்பட்டது உண்மையில் புரட்டஸ்தாந்து மறையுரை! இரண்டாவது, முழு மறையுரையையும் ஆதாரமென்று சொல்வது ஆதாரம் காட்டுவதாகாது. எந்தச் சொற்கள் என்று நியூமன் மீண்டும் வினவினார், அச்சொற்கள் வரவேயில்லை. மூன்றாவது, ஓநாய்களிடையே ஆடுகளைப்போல் அனுப்பப்பட்டவர்கள் பாம்புகளைப்போல் முன்மதியும் புறாக்களைப்போல் கபடின்மையும் உடையவராய் இருக்கவேண்டும் என்னும் ஆண்டவரின் வாக்கே அம்மறையுரையின் பொருள். வலிமையற்ற கிறிஸ்தவரின் முன்மதியை உலகம் சூழ்ச்சியென்று பழிக்கிறது என்று நியூமன் அதில் கூறினார். உலகம் சாட்டும் பழியாக அவர் எடுத்துரைத்ததை, அவருடைய போதனையாகவே கிங்ஸ்லி கொண்டுவிட்டார்.

கிங்ஸ்லி பொய்யர் அல்லர். நாம் இங்குக் கற்கவேண்டியது இதனையே. உரோமைக் குருக்கள் அத்தகையோரே என்று அவர் உளமார நம்பினார். அந்நம்பிக்கை அத்துணை உறுதியாய் இருந்ததால் நூலைத் திறந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணமே அவருக்கு எழவில்லை. பொய் சொல்ல விரும்புகிறவன் நூலைத் திறந்து பார்த்துத்தான் திரிக்கிறான். தான் சொல்வது மெய்யென்று முற்றும் துணிந்தவனோ நூலைத் திறப்பதேயில்லை. நம் வாசகர்களுள் பெரும்பாலோர்க்கும், நமக்கும், நேரக்கூடியது இவ்விரண்டாம் பிழையே.

கிங்ஸ்லி பிப்ரவரி இதழில் வருத்தம் தெரிவித்தார். நியூமன் தம் சொற்களுக்கு அப்பொருள் இல்லையென்று வன்மையாக மறுப்பதாகவும், அவரைத் தவறாகப் புரிந்துகொண்டமைக்கு வருந்துவதாகவும் அதில் கண்டிருந்தது. நல்லுள்ளத்தோடு எழுதியதே, எனினும் நியூமன் ஏற்கவில்லை. ஏனெனில், ஏதோ சில சொற்களை அவர் எழுதியிருந்தார் என்றும், இப்போது அவற்றுக்கு வேறு பொருள் கூறுகிறார் என்றும் வாசகர் எண்ண அது இடமளித்தது. இல்லாத சொற்களுக்கு விளக்கம் எப்படித் தருவது? மேற்கோள் பிழைபட்டபோது, புரிந்துகொண்டதில் தவறு நேர்ந்தது என்று சொல்வது போதாது. அவர் அவ்வாறு எழுதவேயில்லை என்று சொல்வதே திருத்தமாகும்.

பின்பு நியூமன் இருவர் மடல்களையும் அச்சிட்டு வெளியிட்டார். கிங்ஸ்லி வெகுண்டு சிறுநூலொன்று எழுதினார். நியூமன் பல்வேறு காலங்களில் எழுதியவற்றிலிருந்து பகுதிகளைத் திரட்டி, இவர் நம்பத்தகாதவர் என்று நிறுவ முயன்றார். அதற்கு விடையாக ஏப்ரல் முதல் சூன் வரை வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்ததே 'அப்பொலோகியா ப்ரோ வீத்தா சுவா' என்னும் தன்வரலாறு.

இந்நூலின் வெற்றிக்கு அதன் உரைநடையின் எழிலே காரணம் என்பர் திறனாய்வாளர் பலர். நமக்குத் தோன்றும் காரணம் வேறு. நியூமன் தமக்கு எதிரான சாட்சிகளையும் கூண்டில் ஏற்றுகிறார். உரோமையை அவர் முன்னர்க் கடுமையாய்த் தாக்கி எழுதிய சொற்கள், 1843இல் அவற்றை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டமை, மனம் ஊசலாடிய நாள்களின் மடல்கள் ஆகிய யாவும் அங்கே உள்ளன. பழைய மடல்களை நண்பர்களிடமிருந்து கேட்டுப் பெற்றார். அச்சுப்படிகளை ஆங்கிலிக்கன் சபையிலேயே தங்கிவிட்ட கீபிள், ரிச்சர்ட் சர்ச் போன்ற பழைய தோழர்களுக்கு அனுப்பி, நிகழ்ந்தவை சரியாய்க் கூறப்பட்டுள்ளனவா என்று பார்க்கச் செய்தார். தமக்குச் சார்பானவர்களிடம் மட்டும் காட்டி மகிழ்ந்திருந்தால் நூல் இத்துணை நாள் நின்றிருக்காது.

அந்த 1843ஆம் ஆண்டுச் செய்தியில் மற்றுமொரு நுட்பம் உண்டு. உரோமையை ஏன் அவ்வாறு தாக்கினீர் என்று கேட்டால் என்ன கூறுவது என்று நியூமன் தம்மையே ஆராய்கிறார். தம் சபையின் இறையியலார் வழிவழியாய்ச் சொல்லிவந்ததைத் தாமும் பின்பற்றிச் சொன்னதாக அவர் ஒப்புக்கொள்கிறார். பிறர் சொன்னதைச் சொன்னேன் என்பது அவருக்கே போதிய விடையாய் அமையவில்லை. கிங்ஸ்லியிடம் பின்னாளில் அவர் கண்ட குற்றத்தின் நிழல் ஒருகாலத்தில் அவர்மீதும் படிந்திருந்தது. அதை மறைக்காமல் எழுதியதனாலேயே அவர் சொல்லை நாம் நம்புகிறோம்.

நியூமனையும் நாம் குறையின்றிப் புகழவேண்டுவதில்லை. மடல்களை வெளியிட்டபோது அவற்றின் இறுதியில், கிங்ஸ்லி பேசுவதுபோல் ஓர் உரையாடலைப் புனைந்து எள்ளி நகையாடினார். அது நகைச்சுவை என்பது வெளிப்படை. படிப்போர் சிரித்து மகிழ்வர். ஆயினும் தாம் எழுதாததைத் தம் தலையில் ஏற்றினார் என்று முறையிட்டவர், எதிராளி பேசாததை அவர் வாயில் ஏற்றலாமா என்னும் கேள்வி எழத்தான் செய்கிறது. அப்பொலோகியாவின் தொடக்கத்தில் கிங்ஸ்லியைச் சாடிய இரு பகுதிகளை 1865ஆம் ஆண்டுப் பதிப்பில் நியூமனே நீக்கிவிட்டார் என்பது நமக்கு ஆறுதல் தருகிறது. 1875இல் கிங்ஸ்லி இறந்த செய்தி கேட்டதும் அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார் என்பது அதனினும் பெரிய ஆறுதல். 2019இல் புனிதராக உயர்த்தப்பெற்று, 2025இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பெற்ற அவரிடமிருந்து, வாதத்தில் வெல்வதைவிட அரிய இச்செயலையும் நாம் கற்போமாக.

பிறர் குற்றத்தை இவ்வளவு எடுத்துரைத்த நாம் நம் குற்றத்தை மறைப்பது முறையன்று. அமைதியின் கருவியாய் எம்மை ஆக்கும் என்று இறைவனை வேண்டும் செபத்தை நம் மக்கள் நன்கு அறிவர், பாடலாகவும் பாடுவர். பல ஆண்டுகளுக்கு முன் சமய நல்லிணக்கத்தைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதினோம். சிலுவைப்போர்கள் நடந்த நூற்றாண்டில் அசிசியின் பிரான்சிஸ் இச்செபத்தை இயற்றினார். ஆகவே அக்காலத்துப் பகைமைக்கு அவர் அளித்த மறுமொழி இதுவே என்று அதில் வாதிட்டோம். பலரும் பாராட்டினர். பின்னர் நாம் அறிந்துகொண்டது: இச்செபம் பிரான்சிசின் எழுத்துகளில் எங்குமில்லை. 1912இல் பாரிசில் வெளிவந்த சிற்றிதழொன்றில் ஆசிரியர் பெயரின்றி அது முதன்முதலாய் அச்சேறியது. சில ஆண்டுகள் கழித்துப் பிரான்சிசின் படம் அச்சிட்ட அட்டையின் பின்புறத்தில் அது இடம்பெற்றது. நாளடைவில் படத்திலிருப்பவரே பாட்டை எழுதியவர் ஆகிவிட்டார்.

செபத்தின் அருமை இதனால் குன்றவில்லை. இன்றும் நாம் அதைச் சொல்லியே செபிக்கிறோம். குன்றியது நம் வாதமே. பிரான்சிஸ் 1219இல் எகிப்து நாட்டுச் சுல்தானைப் போர்க்களத்தினூடே நேரில் சென்று சந்தித்தார் என்பது வரலாறு. அவ்வுண்மைச் சான்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், கேட்க இனிமையாய் இருந்த ஒன்றைச் சரிபாராமல் எடுத்துக்கொண்டோம். இன்று கைப்பேசிவழியே திருத்தந்தையர் பெயரிலும் புனிதர் பெயரிலும் நாள்தோறும் வந்து குவியும் பொன்மொழிகளைக் காணும்போதெல்லாம் அக்கட்டுரை நினைவுக்கு வந்து நம்மை உறுத்துகிறது.

இவ்வகையில் நமக்கு வழிகாட்டுபவர் புனித தோமா அக்குவினார். அவரது இறையியல் தொகுப்பைத் திறப்போர் முதலில் காண்பது அவரது கருத்தையன்று. அதற்கு எதிரான கருத்துகளையே. அவற்றை வலுவிழக்கச் செய்யாமல், எதிராளியே எழுதினாற்போல் நிறுத்தி, பின்னரே தம் விடையைக் கூறுகிறார். நம் தமிழ் உரையாசிரியர்களும் பிறர் கொண்ட பொருளைச் சுட்டி, இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று குறித்துவிட்டே தம் பொருளை நாட்டுவர். குருமடத்தில் எம் பேராசிரியர் ஒருவர், எதிர்த்தரப்பை அத்தரப்பினர் ஒப்பும்படி எழுதிக்காட்டாதவரின் விடைத்தாளைத் திருத்தவே மறுப்பார். அன்று சலித்துக்கொண்டோம், இன்று நன்றி கூறுகிறோம்.

தோமாவும் ஏமாந்ததுண்டு. 1263ஆம் ஆண்டளவில் திருத்தந்தை 4ஆம் உர்பான் கிரேக்கத் தந்தையரின் கூற்றுகள் அடங்கிய தொகுப்பொன்றை ஆய்வுக்காக அவரிடம் அளித்தார். அதில் கண்ட பல கூற்றுகள் இடைச்செருகலும் போலியுமானவை என்பதைப் பிற்கால ஆய்வு காட்டியது. பிறர் தொகுத்துத் தந்ததை மூலமாகக் கொள்வதன் ஆபத்து இது. ஆனால் அவரே தம் இறுதி ஆண்டுகளில், அரிஸ்டாட்டில் எழுதியதாகப் பலரும் போற்றிய 'காரணங்களின் நூல்' என்பதை, அப்போது புதிதாய் மொழிபெயர்க்கப்பட்டிருந்த புரோக்ளஸின் நூலோடு ஒப்பிட்டு, இது அரிஸ்டாட்டிலுடையதன்று, புரோக்ளஸிடமிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதினார். பெரும்பெயர் ஒன்றின் துணையை இழப்போமே என்று அவர் தயங்கவில்லை.

ஆகவே எழுத விழையும் நம் பொதுநிலையினர்க்குச் சில சொற்கள். மேற்கோளாக எடுக்கும் வரிக்கு முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் படியுங்கள். மூலநூலைக் காணாமல் வேறொருவர் நூலில் கண்டு எடுத்திருந்தால், அங்குக் கண்டதாகவே எழுதுங்கள். அதில் இழுக்கு ஏதுமில்லை. எழுதியவர் எதிரே வந்து அமர்ந்து நம் கட்டுரையைப் படித்தால், நான் கூறியது இதுதான் என்று ஒப்புவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பமாட்டார் எனத் தோன்றினால் அவ்வரியை விட்டுவிடுங்கள். கட்டுரை சற்று மெலியலாம்; மெய்யாய் நிற்கும்.

போட்டியின் முடிவைக் கூறாமல் விட்டோம். இரு இளைஞரையும் அழைத்து, சுற்றுமடலின் அப்பகுதியை இருவரும் சேர்ந்து உரக்கப் படிக்கச் செய்தோம். ஒருவர் தம் வரியில் நிறுத்தியபோது மற்றவர் அடுத்த வரியைத் தொடங்கினார். படித்து முடித்தபின் இருவரும் சிறிதுநேரம் பேசாதிருந்தனர். பின் அவர்களுள் ஒருவர் கேட்டார்: "சாமி, கட்டுரையைத் திரும்ப எழுதித் தரலாங்களா?" முதற்பரிசை அவ்வாண்டு எவருக்கும் நாம் வழங்கவில்லை. திருத்தி எழுதப்பெற்ற இரு கட்டுரைகளையும் பங்குத் திருவிழா மலரில் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டோம்.